ஓசையின்றி ஓடும் ஊர்தி

(உரைநடை)

கற்றல் நோக்கங்கள்

• மின்சார ஸ்கூட்டர் இயங்கும் முறையை அறிந்து சொந்த நடையில் எழுதுதல்.
• அறிவியல் செய்திகளைத் தமிழில் கூற உதவும் கலைச்சொற்களை அறிதல்.
• தனிக்குறிலை அடுத்து மெய்யெழுத்து வரும் சொற்களின் புணர்ச்சியை அறிந்து பயன்படுத்துதல்.

பாடத்திற்குள் நுழையும் முன்

பள்ளி வாயிலருகே பாதுகாப்பான ஓரிடத்தில் நின்று ஒரு நிமிடம் கண்களை மூடிக்கொள்ளுங்கள். சாலையில் செல்லும் பேருந்து, ஆட்டோ, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுள் எவற்றை ஓசையால் மட்டும் அறிய முடிகிறது? ஓசையே எழுப்பாமல் ஓர் ஊர்தி அருகே வந்தால் என்ன நேரும்? நண்பர்களோடு கலந்து பேசுங்கள். பின்னர்ப் பாடத்தைப் படியுங்கள்.

காலைப் பயணம்

நெய்யாற்றின்கரை வட்டத்தில் மேடும் பள்ளமுமாக அமைந்த ஊர் பெருங்கடவிளை. 1888ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் இவ்வூரை அடுத்துள்ளது. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘விளை’ என்னும் சொல், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றிலும் நிற்கிறது. ரப்பர்த் தோட்டங்களையும் மரச்சீனி பயிரிட்ட மேட்டு நிலங்களையும் சுற்றிச் சுற்றிச் செல்லும் குறுகிய சாலைகள் இங்கு மிகுதி. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை வளைவைக் கடந்த பின்னரே காண இயலும்.

அத்தகைய சாலையில் ஒரு காலைப் பொழுதை மனத்தில் எண்ணிக்கொள்வோம். நெய்யாற்றின்கரையில் மருந்துக் கடையொன்றில் பணிபுரியும் பெண் ஒருவர் புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரில் முதன்முதலாகப் பணிக்குப் புறப்படுகிறார். அவர் பல ஆண்டுகள் பெட்ரோல் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர். சாவியைத் திருப்புகிறார், ஓசை எதுவும் எழவில்லை. கைப்பிடிகளுக்கு நடுவிலுள்ள சிறு திரையில் எண்கள் மட்டும் ஒளிர்கின்றன. வண்டி இயங்கத் தொடங்கிவிட்டதா, இல்லையா என்னும் ஐயம் அவருக்கு எழுகிறது. வலக்கைப் பிடியிலுள்ள முடுக்கியைச் சற்றே திருகுகிறார். வண்டி நடுக்கம் ஏதுமின்றி முன்னோக்கி நழுவுகிறது.

சிறிது தொலைவு சென்றதும், இத்தனை ஆண்டுகள் அதே சாலையில் கேளாத ஓசைகள் அவர் காதில் விழுகின்றன. ரப்பர்ச் சருகின்மேல் சக்கரம் ஏறும் ஒலி, தேநீர்க் கடையில் அமர்ந்து பேசுவோரின் குரல், கால் வைக்கும் இடத்தில் உள்ள பையில் சோற்றுப் பாத்திரமும் தண்ணீர்ப் புட்டியும் மெல்ல மோதிக்கொள்ளும் ஒலி ஆகிய யாவும் தெளிவாகக் கேட்கின்றன. மேட்டில் ஏறும்போது பழைய வண்டி முனகும், இவ்வண்டி முனகவில்லை. அவர் மனம் மகிழ்கிறது.

ஒரு வளைவைக் கடக்கும்போது, தூக்குப் பாத்திரத்தில் பால் எடுத்துக்கொண்டு சாலையோரமாக நடந்து செல்லும் மூதாட்டி ஒருவர் கண்ணில் படுகிறார். மூதாட்டி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவை அவருக்குத் தோன்றவுமில்லை. எந்த ஓசையும் கேட்கவில்லையே! அவர் சாலையைக் கடக்கக் காலெடுத்து வைக்கிறார். ஸ்கூட்டரில் வந்தவர் இரு பிரேக்குகளையும் அழுத்துகிறார். வண்டி ஒரு முழ இடைவெளியில் நிற்கிறது. அதிர்ச்சியில் மூதாட்டியின் கையிலிருந்த பாத்திரம் சாய்ந்து பால் சாலையில் சிந்துகிறது.

“மக்களே, வண்டி வந்த சத்தமே கேக்கலியே!” என்கிறார் மூதாட்டி.

அவர் சினத்தோடு கூறவில்லை, வியப்போடுதான் கூறினார். ஆயினும் அச்சொற்கள் ஸ்கூட்டரில் வந்தவரின் மனத்தில் தைத்தன. அவர் வேகமாக வரவில்லை. தம் பக்கம் விட்டு விலகவுமில்லை. அங்ஙனமாயின் பிழை எங்கே நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின், அவ்வண்டி ஏன் ஓசை எழுப்பவில்லை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஓசை இல்லாமைக்குக் காரணம்

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்து, தீப்பொறியால் மீண்டும் மீண்டும் வெடித்து எரிகின்றன. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை நிகழும் இவ்வெடிப்புகளே நாம் கேட்கும் இரைச்சலுக்கு முதற்காரணம். பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. வண்டியை நிறுத்திய பின்னும் புகைக்குழாய் சுடுவது இதனாலேயே.

மின்சார ஸ்கூட்டரில் வெடிப்பு இல்லை, புகைக்குழாயும் இல்லை. இருக்கைக்கு அடியிலோ, கால் வைக்கும் தட்டுக்கு அடியிலோ மின்கலத் தொகுதி பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி எனப்படும் மின்னணுக் கருவி அளந்து மின்மோட்டாருக்கு அனுப்பும். முடுக்கியைத் திருகும் அளவே அதற்குக் கட்டளை. மின்மோட்டாரின் கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகி, நிலைக்காந்தங்கள் பொருத்திய பகுதியைச் சுழற்றுகிறது. மின்சாரத்தால் ஒரு பொருளைத் தொடர்ந்து சுழலச் செய்ய இயலும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1821ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார்.

பெட்ரோல் எஞ்சின் போதிய வேகத்தில் சுழன்ற பின்னரே தன் முழு இழுவிசையைத் தரும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே பெரும் திருப்புவிசையைத் தரவல்லது. அதனால்தான் மின்சார ஸ்கூட்டர் முடுக்கியைத் திருகிய கணமே பாய்கிறது. பழக்கமில்லாதவர் அதைச் சட்டெனத் திருகினால், மழையில் நனைந்த மேட்டுச் சாலையில் பின்சக்கரம் வழுக்கக்கூடும். கைப்பிடியை மெல்லத் திருகப் பழகுவதே இவ்வண்டி ஓட்டுபவர் கற்கவேண்டிய முதற்பாடம்.

இறக்கத்தில் இன்னொரு புதுமை உண்டு. முடுக்கியை விட்டுவிட்டால், யாரோ பின்னாலிருந்து மெல்லப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி வேகம் குறைகிறது. அப்போது சக்கரமே மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்னாக்கியாக மாறிச் சிறிதளவு மின்சாரத்தை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. 1831ஆம் ஆண்டு ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. இவ்வாற்றல் மீட்பு பெரும்பாலான மின்சார ஸ்கூட்டர்களில் உண்டு. எனினும் மேட்டில் செலவழித்தது முழுவதும் இறக்கத்தில் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதியே கிடைக்கும்.

ஓசை செய்துவந்த பணிகள்

இரைச்சல் ஒரு தொல்லை என்பதில் ஐயமில்லை. எனினும் அத்தொல்லை நாம் அறியாமலே மூன்று பணிகளைச் செய்து வந்தது.

முதலாவது, அது ஓட்டுபவருக்குச் செய்தி சொன்னது. எஞ்சினின் ஒலி உயர்ந்தால் வேகம் கூடுகிறது என்றும், அது திணறினால் சுமை மிகுதி என்றும் காதே உணர்த்தியது. மின்சார ஸ்கூட்டரில் 30 கிலோமீட்டர் வேகமும் 50 கிலோமீட்டர் வேகமும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஓட்டுபவர் திரையில் தெரியும் எண்ணை அவ்வப்போது பார்த்தே தம் வேகத்தை அறிதல் வேண்டும்.

இரண்டாவது, அது சாலையில் நடப்பவரை எச்சரித்தது. மூதாட்டியைப் போலப் பின்னால் வருவதைக் காதால் அறிந்து நடப்போர் பலர். பார்வையற்றோருக்குச் செவியே வழிகாட்டி. விரைந்து செல்லும்போது சக்கரம் சாலையில் உராயும் ஒலியும் காற்றின் ஒலியும் ஓரளவு கேட்கும். மெல்லச் செல்லும்போது அவையும் இரா. வேகம் குறைந்தால் இடர் முற்றும் நீங்கிவிடும் என்று எண்ணுவது இங்குப் பொருந்தாது. இதனை உணர்ந்தே, ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல், புதிதாக ஒப்புதல் பெறும் மின்சாரக் கார் வகைகள் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஓர் எச்சரிக்கை ஒலியை எழுப்பவேண்டும் என விதித்தது. இரைச்சலைக் குறைக்கப் பல ஆண்டுகள் உழைத்த மனிதர், சிறிது ஓசையைத் தாமே சேர்க்கவேண்டியதாயிற்று.

மூன்றாவது, நின்றிருக்கும் வண்டி இயக்கத்தில் உள்ளதா, அணைக்கப்பட்டுள்ளதா என்பதை ஓசை காட்டியது. மின்சார ஸ்கூட்டர் நிற்கும்போது இரு நிலையிலும் ஒன்றுபோலவே அமைதியாக இருக்கும். அணைக்க மறந்து கடைக்குள் சென்றுவிட்டால், விளையாட்டாகக் கைப்பிடியைத் திருகும் குழந்தையோடு வண்டி பாய்ந்துவிடலாம். பக்கத் தாங்கியை இறக்கினால் மோட்டார் இயங்காதபடி அமைத்த வண்டிகள் பல உள்ளன. ஆயினும் சாவியை அணைத்துக் கையில் எடுத்த பின்னரே வண்டியை விட்டு அகலுதல் நன்று.

மூதாட்டியின் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. வண்டி பழுதானதன்று, ஓட்டியவர் விரைந்தவருமல்லர். முன்பு எஞ்சின் செய்துவந்த எச்சரிக்கைப் பணி இப்போது ஓட்டுபவரின் கைக்கு வந்துவிட்டது. அதனை அவர் இன்னும் உணரவில்லை என்பதே குறை.

மேடும் மின்னேற்றமும்

காதுக்குப் புதுமை ஓசையின்மை என்றால், மனத்துக்குப் புதுமை தொலைவுக் கணக்கு. பெட்ரோல் தீர்ந்தால் அடுத்த பங்கில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மின்கலம் தீர்ந்தால் சில மணி நேரம் காத்திருக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரத்தில் பயன்படுத்தும் மின்சாரமே ஒரு யூனிட். 3 யூனிட் கொள்ளும் மின்கலத்தைக் கொண்ட ஸ்கூட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி செலவழித்தால் 100 கிலோமீட்டர் செல்லும். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆகவே சென்று திரும்ப இம்மின்னேற்றம் போதும். 750 வாட் மின்னேற்றியால் அக்கலத்தை நிரப்பக் கணக்குப்படி 4 மணி நேரம் ஆகும். வெப்பமாக வீணாகும் பங்கையும் சேர்த்தால் இன்னும் சிறிது கூடும்.

மேடு இக்கணக்கை மாற்றிவிடும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 190 கிலோகிராம் என்று கொள்வோம். 100 மீட்டர் உயரம் ஏற, உராய்வைக் கணக்கில் கொள்ளாமலே, ஏறத்தாழ 52 வாட்-மணி ஆற்றல் கூடுதலாக வேண்டும். சமதரையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் செல்லப் போதுமான ஆற்றல் அது. பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்தாலும், எதிர்காற்று வீசினாலும், மிகு வேகத்தில் சென்றாலும் செலவு கூடும். எனவே விளம்பரத்தில் கூறப்படும் தொலைவை அப்படியே நம்பாமல், தம் ஊர்ச் சாலையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைச் சில நாள் குறித்து வைத்து அறிந்துகொள்வதே அறிவுடைமை.

வழியில் மின்னேற்றம் தேவைப்படுவோருக்கும் ஏற்பாடுகள் வளர்ந்து வருகின்றன. இருசக்கர, முச்சக்கர ஊர்திகளுக்காக மின்கம்பங்களிலேயே மின்னேற்றிகளைப் பொருத்தும் திட்டத்தைக் கேரள மாநில மின்வாரியம் 2021ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் சோதனை முறையில் தொடங்கிப் பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது.

அண்மையிலுள்ள ஆலைகள்

மின்சார ஊர்தி எங்கோ தொலைநாட்டில் உருவாகும் பொருள் என்று எண்ணவேண்டா. நெய்யாற்றின்கரையை அடுத்து, திருவனந்தபுரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஆறாலும்மூடு என்னும் இடம் உள்ளது. கேரள அரசின் பொதுத்துறை நிறுவனமாக 1978ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கேரள ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை அங்கேதான் அமைந்திருக்கிறது. முச்சக்கர ஊர்திகளைச் செய்துவந்த இவ்வாலை, 2019ஆம் ஆண்டு ‘நீம் ஜி’ என்னும் மின்சார ஆட்டோவை வெளியிட்டது. மறு ஆண்டே 25 ஆட்டோக்கள் நேபாளத்துக்கு அனுப்பப்பட்டன. பெருங்கடவிளையின் அண்டை ஊரில் உருவான ஓசையற்ற ஊர்தி, இமயமலை நாட்டின் சாலைகளுக்குச் சென்றது.

தமிழ்நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியுள்ளது. ஆம்பியர் நிறுவனம் 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் 2013ஆம் ஆண்டு தொடங்கிய ஏதர் நிறுவனம் ஓசூரில் ஆலை அமைத்தது. ஓசூரில் ஆலையைக் கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் 2020ஆம் ஆண்டு மின்சார ஸ்கூட்டரை அறிமுகம் செய்தது. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் அமைந்த ஓலா நிறுவனத்தின் ஆலை முழுவதும் பெண்களால் இயக்கப்படும் என 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

மின்சாரம் வரும் வழி

சாலையில் புகை விடாத ஊர்தி, புகையே உண்டாக்காத ஊர்தி ஆகிவிடுமா? மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூற இயலும். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டு பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. 1976இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட இடுக்கித் திட்டத்தின் திறன் 780 மெகாவாட். ஆயினும் இன்றைய தேவைக்கு மாநிலத்தின் நீர்மின்சாரம் மட்டும் போதவில்லை. வெளி மாநிலங்களிலிருந்தும் பெருமளவு மின்சாரம் வாங்கப்படுகிறது. அதில் நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரமும் உண்டு. எனவே புகை முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று கூறுதல் மிகை. நெரிசல் மிக்க கடைத்தெருவில், நடப்போரின் முகத்துக்கு நேரே வரும் புகை ஒழிந்தது என்று கூறலாம்.

மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை வீடுகளில் மின்சாரப் பயன்பாடு உச்சத்தை அடைகிறது. அந்நேரத்தில் ஊர்திகளுக்கு மின்னேற்றுவதைத் தவிர்த்தல் எல்லோர்க்கும் நன்மை தரும். கூரையில் சூரிய மின்தகடு உள்ள வீடுகளில் பகலில் மின்னேற்றினால் அவ்வூர்தி உண்மையாகவே வெயிலில் ஓடும் ஊர்தி ஆகிறது.

விழிப்பு வேண்டுமிடம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்துக்கு வைக்கப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றியது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் வேறு சில இடங்களிலும் தீ விபத்துகள் நேர்ந்தன. இதனைத் தொடர்ந்து மின்கலத்துக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது.

லித்தியம் அயனி மின்கலம் சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலைச் சேமிப்பது. அதனை உருவாக்கிய அறிவியலறிஞர் மூவருக்கு 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்தகைய ஆற்றலை வீட்டுக்குள் வைத்திருப்போர் சில முறைகளைப் பின்பற்றவேண்டும். வண்டியோடு வந்த மின்னேற்றியையே பயன்படுத்துதல் வேண்டும். நிலமிணைப்பு உள்ள உறுதியான மின்செருகியிலேயே அதனைப் பொருத்துதல் வேண்டும். படுக்கையறையிலும், வெளியேறும் வாயிலிலும், மாடிப்படியின் கீழும் மின்னேற்றுதல் கூடாது. வெயிலில் நெடுந்தொலைவு ஓடிய மின்கலம் சூடு தணிந்த பின்னரே மின்னேற்றத் தொடங்குதல் நன்று. ஐப்பசி மாதத்து மாலை இடிமுழக்கத்தின்போது மின்செருகியை முன்கூட்டியே கழற்றிவிடுதல் வேண்டும். மழைநீர் தேங்கிய ஆழமான பள்ளத்தில் வண்டியை இறக்குதல் கூடாது.

மாலைப் பயணம்

பணி முடிந்து அப்பெண் வீடு திரும்புகிறார். திரையில் எஞ்சியுள்ள மின்னேற்றத்தைப் பார்க்கிறார், வேகத்தையும் பார்க்கிறார். காலையில் இருமுறைகூடப் பாராத திரை அது. வளைவு நெருங்குகிறது. அவர் முன்கூட்டியே முடுக்கியை விடுகிறார். வண்டி தானே மெல்ல வேகம் குறைகிறது. ஒருமுறை மென்மையாக ஒலிப்பானை அழுத்துகிறார்.

வளைவுக்கு அப்பால் பள்ளிச் சிறுவர் இருவர் பேசிக்கொண்டே சாலையின் நடுவில் நடக்கின்றனர். ஒலி கேட்டுத் திரும்பி ஓரமாக ஒதுங்குகின்றனர். அவர் அவர்களைக் கடந்து செல்கிறார். சற்றுத் தொலைவில் மூதாட்டியின் வீடு. வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாங்கி வந்த பால் பொட்டலத்தை நீட்டுகிறார்.

“இப்ப வந்தது தெரிஞ்சுது, மக்களே” என்று மூதாட்டி சிரிக்கிறார்.

வண்டி காலையில் இருந்த அதே வண்டிதான். அதே அமைதியோடுதான் ஓடியது. ஓட்டியவர்தாம் மாறியிருந்தார். ஓசை குறைந்த ஊர்தியில் செல்வோருக்கு விழிப்பு கூடுதலாக வேண்டும் என்பதை அவர் ஒரு பகலில் கற்றுக்கொண்டார்.

அறிந்துகொள்வோம்

• மின்சார ஊர்திகளின் எண்பலகை பச்சை நிறமுடையது. சொந்த ஊர்திக்கு எழுத்துகள் வெண்மையாகவும் வாடகை ஊர்திக்கு மஞ்சளாகவும் இருக்கும். இம்முறை 2018ஆம் ஆண்டு வந்தது.
• மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள, எடை குறைந்த மின்சார ஊர்திகளுக்கு மட்டுமே ஓட்டுநர் உரிமமும் பதிவும் வேண்டுவதில்லை. சாலையில் விரையும் பிற மின்சார ஸ்கூட்டர்களுக்கு இரண்டும் கட்டாயம்.
• உரிமம் இல்லாத சிறுவர் ஊர்தி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரும் ஊர்தியின் உரிமையாளரும் தண்டனைக்கு உள்ளாவர். ‘ஓசையில்லாத சிறு வண்டிதானே’ என்று எண்ணி ஓட்டுதல் கூடாது.

சொற்பொருள்

ஊர்தி – வாகனம்
முடுக்கி – வேகத்தைக் கூட்டும் கைப்பிடி, ஆக்சிலேட்டர்
மின்கலம் – பேட்டரி
மின்னேற்றம் – மின்கலத்தில் மின்சாரத்தைச் சேமித்தல், சார்ஜ்
மின்னாக்கி – மின்சாரம் உண்டாக்கும் கருவி
நிலமிணைப்பு – மின்கசிவை மண்ணுக்குக் கடத்தும் இணைப்பு, எர்த்
மூதாட்டி – வயது முதிர்ந்த பெண்
மரச்சீனி – மரவள்ளிக் கிழங்கு (தென்குமரி வழக்கு)
மக்களே – இளையவர் ஒருவரையும் அன்போடு விளிக்கும் தென்னெல்லை வழக்கு

மொழியோடு விளையாடு

தனியாக நிற்கும் ஒரு குற்றெழுத்தை அடுத்து மெய்யெழுத்து வந்து, வருமொழியின் முதலில் உயிரெழுத்து நின்றால், அம்மெய் இரட்டிக்கும்.
மின் + ஊர்தி = மின் + ன் + ஊர்தி = மின்னூர்தி
மின் + ஏற்றம் = மின்னேற்றம்
வருமொழியின் முதலில் உயிர்மெய் நின்றால் இவ்வாறு இரட்டிக்காது.
மின் + கலம் = மின்கலம்

சேர்த்து எழுதுக:
1. மின் + ஆக்கி
2. கண் + ஆடி
3. மின் + கம்பம்
4. கல் + எறிந்தான்
5. மின் + ஓட்டம்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மின்காந்தத் தூண்டலை ஃபாரடே கண்டறிந்த ஆண்டு ________.
2. கேரள ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை ________ என்னும் இடத்தில் உள்ளது.
3. இடுக்கித் திட்டத்தின் திறன் ________ மெகாவாட்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மின்சார ஸ்கூட்டர் முடுக்கியைத் திருகியதும் பாய்வது ஏன்?
2. இறக்கத்தில் மின்மோட்டார் செய்யும் பணி யாது?
3. நின்றிருக்கும் மின்சார ஸ்கூட்டரை அணைக்காமல் விட்டுச் செல்வது ஏன் தவறு?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. எஞ்சினின் ஓசை செய்துவந்த மூன்று பணிகளை விளக்குக.
2. ‘புகை முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று கூறுதல் மிகை.’ இக்கூற்று ஏன் பொருத்தமானது?
3. மூதாட்டியின் இரண்டு கூற்றுகளையும் எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக. அவற்றுக்கிடையே அப்பெண்ணிடம் ஏற்பட்ட மாற்றம் யாது?

ஈ. கணக்கிட்டு எழுதுக.
2 யூனிட் கொள்ளும் மின்கலத்தை உடைய ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 25 வாட்-மணி செலவழித்தால் எவ்வளவு தொலைவு செல்லும்? விடையைத் தமிழ்த் தொடராக எழுதுக.

உ. செயல்திட்டம்
உங்கள் தெருவில் மின்சார ஸ்கூட்டர் ஓட்டும் ஒருவரிடம் பேசுங்கள். முதல் நாள் பயணம் எவ்வாறு இருந்தது, எப்போது மின்னேற்றுகிறார், நடப்போரை எவ்வாறு எச்சரிக்கிறார் என்று கேளுங்கள். பின்னர், பார்வையற்றோர் ஒருவரிடமோ வயது முதிர்ந்தோர் ஒருவரிடமோ, ஓசையற்ற ஊர்திகளைப் பற்றி அவர் கருதுவதைக் கேளுங்கள். இருவர் கருத்துகளையும் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படியுங்கள்.